செத்த கிருமியும் சாகாத பயமும்

சிங்கப்பெருமாள் கோயிலில் பாடலாத்ரி நரசிம்மரைத் தரிசித்தவர்கள் ஒரு காட்சியை எளிதில் மறக்க மாட்டார்கள். குன்றைக் குடைந்து அமைத்த கருவறை அது. மூலவரைப் பிரதக்ஷிணம் செய்ய விரும்புகிறவன் குன்றையே சுற்றி வர வேண்டும். அர்ச்சகர் தீபத்தை உயர்த்தித் திருமுகத்தில் சாத்தியுள்ள நாமத்தைச் சற்றே விலக்குவார். அப்போதுதான் நெற்றியில் மூன்றாவது கண் ஒன்று இருப்பது நமக்குத் தெரிகிறது. கண் எப்போதும் அங்கேதான் இருக்கிறது. விளக்கை எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று அறிந்தவர் காட்டினாலன்றி நமக்குத் தெரிவதில்லை.

இதை நாம் எடுத்துச் சொன்னது தலபுராணம் பேசுவதற்கு அன்று. அவ்வூர் ஸ்டேஷனில் செங்கற்பட்டுக்குப் போகும் மின்சார ரயிலில் ஏறினால் அடுத்து வருவது பரனூர். இன்று அங்கே இறங்குவோரில் பெரும்பாலோர் பெருங் கம்பெனிகளில் வேலை பார்க்கும் வாலிபர்கள். அதே பரனூரில்தான் தொழுநோயால் தாக்குண்டவர்களுக்கான சர்க்கார் மறுவாழ்வு இல்லமும் இருக்கிறது. அதற்கப்பால் செங்கற்பட்டு, அதையடுத்த திருமணியில் மத்தியத் தொழுநோய்ப் போதனா ஆராய்ச்சி நிலையம். 1920களில் லேடி வில்லிங்டன் பெயரால் தோன்றிய ஆசிரமத்தை 1955-ல் இந்திய சர்க்கார் ஏற்று இந்த நிலையமாக்கினர். டாக்டர் ராபர்ட் காக்ரேன் டாப்ஸோன் மருந்தை நம் நாட்டு நோயாளிகளுக்கு முதன்முதல் கொடுத்துப் பார்த்தது இங்கேதான். 1947-ல் அவர் அழைத்து வந்து காட்டிய நோயாளிகளின் மடங்கிய விரல்களைக் கண்டுதான், வேலூரிலிருந்து வந்த டாக்டர் பால் பிராண்ட் தம் ஆயுளை அந்தக் கைகளுக்கு அர்ப்பணித்தார். ஆக, இந்தப் பத்துப் பன்னிரண்டு மைல் தூரத்துக்குள் ஒரு பெரும் வியாதியின் சரித்திரமே அடங்கியிருக்கிறது. எனினும் அந்த ரயிலில் நாள்தோறும் போகும் படித்தவர்களைக் கேட்டால், பத்தில் ஒன்பது பேர் அந்த நோய் தொட்டால் ஒட்டும் என்றுதான் இன்றும் சொல்வார்கள்.

அவர்களை மட்டும் நாம் குறை கூறுவதற்கில்லை. நாமும் அதே கூட்டத்தில் இருந்தவர்களே. நாம் வக்கீல் தொழில் நடத்தி வந்த காலத்தில் ஒரு விவாகரத்து வழக்கில் மனைவியின் பக்கம் ஆஜரானோம். அவளுக்குத் தொழுநோய் என்பது புருஷனின் பிராது. 1955-ம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டத்தில் “கொடியதும் தீராததுமான” தொழுநோய் விவாகரத்துக்கு ஒரு காரணமாக அப்போது நின்றது. அவள் பன்னிரண்டு மாத மருந்தையும் ஒரு வேளை தவறாமல் உட்கொண்டு முடித்தவள். ஆனால் எதிர்க்கட்சியார் ஒரு பரிசோதனைச் சீட்டைத் தாக்கல் செய்தனர். தோலைக் கீறி எடுத்த நிணநீரில் கிருமிகள் காணப்பட்டன என்று அதில் கண்டிருந்தது. “தீராத” என்ற சொல்லின் தாத்பரியத்தைப் பற்றி நாம் இரண்டு வாய்தா வாதித்தோம். அந்தக் கிருமிகள் உயிரோடு இருந்தனவா, செத்துக் கிடந்தனவா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கனம் நீதிபதி கேட்கவில்லை. எதிர்க்கட்சி வக்கீல் கேட்கவில்லை. அவளுக்காகக் கூலி வாங்கிய நாமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதே நமக்குத் தெரியாது. கடைசியில் அவள் ராஜியாகி ஒதுங்கிக்கொண்டாள். அந்த ஒரு கேள்வியை இந்தப் பத்தியிலாவது கேட்டுவிட வேண்டும் என்பது நம் எண்ணம்.

தோலைக் கீறிக் கண்ணாடிச் சில்லில் தடவி, சிவப்புச் சாயமேற்றிப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது பழைய முறை. ஸீல், நீல்ஸன் என்ற இரு ஜெர்மானியர் பெயரால் அது வழங்குகிறது. கிருமியின் மேலுள்ள மெழுகுப் போர்வை அந்தச் சாயத்தைப் பற்றிக்கொண்டால் அமிலத்தால் கழுவினாலும் விடாது. நல்ல முறைதான், ஆனால் போர்வை செத்த கிருமிக்கும் உண்டு, உயிருள்ள கிருமிக்கும் உண்டு. சாயம் இரண்டையும் சிவப்பாகவே காட்டும். முழுமையாகச் சாயமேறியது உயிருள்ளது, துண்டு துண்டாகவும் மணிமணியாகவும் தெரிவது செத்தது என்று அனுபவசாலிகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதுவும் பார்ப்பவனின் கண்ணையும் சில்லைத் தயாரித்தவனின் கையையும் பொறுத்தது.

மற்ற வியாதிகளில் இந்தச் சங்கடம் இவ்வளவு பெரிதல்ல. கிருமியை ஒரு தட்டில் ஊட்டம் வைத்து வளர்த்துப் பார்க்கலாம்; வளர்ந்தால் உயிருண்டு, வளராவிட்டால் இல்லை. தொழுநோய்க் கிருமியோ 1873-ல் நார்வே தேசத்து ஹான்ஸன் அதைக் கண்ட நாளிலிருந்து இன்றுவரை எந்தத் தட்டிலும் வளர மறுக்கிறது. 1960-ல் ஷெப்பர்ட் என்ற அமெரிக்கர் சுண்டெலியின் பாதத்தில் அதை ஊசியேற்றி வளர்க்கும் வழியைக் கண்டார். இந்தக் கிருமி ஒன்று இரண்டாவதற்கே ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே எலியின் பாதத்திலிருந்து தீர்ப்பு வர ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் ஆகும். டாப்ஸோனுக்கு அடங்காத கிருமி உண்டு என்று 1964-ல் மலேயாவில் நிரூபித்தது இந்த எலிதான் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் ஒரு ஆண்டு காத்திருக்கும் பொறுமை நோயாளிக்கும் இல்லை, அவனை ஒதுக்கி வைத்த ஊருக்கும் இல்லை.

இங்கேதான் ஒளிரும் சாயங்கள் வருகின்றன. சில பொருள்கள் ஒரு நிறத்து ஒளியை விழுங்கி வேறொரு நிறத்து ஒளியாகத் திரும்ப உமிழும் குணமுடையவை. நீலத்தை விழுங்கும், பச்சையைக் கக்கும். இந்தக் குணத்துக்கு 1852-ல் ஸ்டோக்ஸ் என்ற அயர்லாந்துக்காரர் பெயரிட்டார். பூதக்கண்ணாடியில் விழும் நீலத்தை வடிகட்டித் தள்ளிவிட்டு, உமிழும் பச்சையை மட்டும் கண்ணுக்கு விட்டால், இருண்ட வானத்தில் நக்ஷத்திரம்போல் கிருமி தனித்துத் தெரியும். இது வெறும் வெளிச்சம். சாமர்த்தியமெல்லாம் அந்தச் சாயத்தை எங்கே எரிய விடுவது, எங்கே எரியாமல் வைப்பது என்பதில் இருக்கிறது.

ஃப்ளோரஸீன் என்பது 1871-ல் பேயர் என்ற ஜெர்மானிய ரஸாயனி செய்த சாயம். அதன்மேல் அஸிடேட் என்ற இரண்டு பூட்டுகளை மாட்டிவிட்டால் அது ஒளிராது. நிறமற்ற பொருளாகக் கிருமிக்குள் நுழையும். உயிருள்ள கிருமிக்குள் எஸ்டரேஸ் என்ற நொதிகள் உண்டு. அவை அந்தப் பூட்டுகளை அறுத்துவிடும். பூட்டு அறுந்ததும் சாயம் பச்சையாக ஒளிரும். அதோடு மின்னேற்றமும் பெற்றுவிடுவதால், சுவர் பழுதில்லாதவரை எளிதில் வெளியே வராது. செத்த கிருமியில் அறுக்க ஆளில்லை; அறுத்தாலும் சுவர் ஓட்டையாதலால் சாயம் ஒழுகிப் போய்விடும். அதனுடன் எத்திடியம் என்ற இரண்டாவது சாயத்தையும் சேர்க்கிறார்கள். இது நல்ல சுவருக்குள் நுழைய இயலாதது. சுவர் உடைந்த இடத்தில் புகுந்து, உள்ளே கிடக்கும் மரபிழையில் ஒட்டிக்கொண்டு செம்மஞ்சளாக ஒளிரும். பச்சை என்றால் உயிர். சிவப்பு என்றால் பிணம். 1980களிலிருந்து தொழுநோய்க் கிருமிக்கு இந்த இரட்டைச் சாயம் கையாளப்பட்டு வருகிறது. நம் தொழிலின் பாஷையில் சொன்னால், ஒரு சாட்சி “நான் உள்ளே இருந்தேன், வீட்டில் ஆள் நடமாட்டம் இருந்தது” என்கிறான்; மற்றவன் “கதவு உடைந்திருந்தது, அதனால்தான் நான் நுழைந்தேன்” என்கிறான். இருவரும் ஒருவரையொருவர் அறியார். ஆகவே அவர்கள் வாக்குமூலத்துக்கு மதிப்பு அதிகம்.

மனித உடலின் சொந்த உயிரணுக்கள் சாவதைக் காட்டும் சாயங்கள் இதனினும் நுட்பமானவை. நம் உடலில் தினமும் ஆயிரக்கணக்கான கோடி உயிரணுக்கள் சாகின்றன. அவற்றில் பெரும்பாலானவை அடிபட்டுச் சாவதில்லை. தாமே தம்மை அடக்கிக்கொண்டு சாகின்றன. 1972-ல் கெர், வில்லி, கரி என்ற மூவர் இதற்கு இலையுதிர்வைக் குறிக்கும் கிரேக்கப் பெயரை இட்டனர். மரம் சருகை உதிர்ப்பதுபோல் உடல் உயிரணுவை உதிர்க்கிறது என்பது கருத்து. உயிரணுவின் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது. பாஸ்ஃபாடிடில் ஸீரின் என்ற கொழுப்பு மட்டும் எப்போதும் உள்ளடுக்கில் இருக்க வேண்டும். அது வெளியே நழுவினால் உடனுக்குடன் உள்ளே தள்ள ஒரு புரதம் சக்தியைச் செலவழித்துக் காவல் காக்கிறது. உயிரணு சாகத் தீர்மானித்ததும், காஸ்பேஸ் என்ற நொதிகள் அந்தக் காவலை வெட்டிவிடுகின்றன. அந்தக் கொழுப்பு வெளியே தலைகாட்டுகிறது. “என்னை எடுத்துச் செல்” என்று துப்புரவு அணுக்களுக்கு அதுவே அழைப்பு.

அனெக்ஸின் ஐந்து என்ற புரதம், சுண்ணாம்புச் சத்து உடனிருந்தால், அந்தக் கொழுப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதன் முதுகில் ஒரு பச்சைச் சாயத்தைக் கட்டி விடுகிறார்கள். உயிருள்ள அணுவைச் சுற்றிச் சுற்றி வந்தாலும் அதற்குப் பிடி கிடைக்காது. சாகத் தொடங்கிய அணுவைக் கண்டதும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் இங்கும் ஒற்றைச் சாட்சி போதாது. சவ்வு கிழிந்த அணுவாயின் அனெக்ஸின் உள்ளே புகுந்து உள்ளடுக்கிலேயே ஒட்டிக்கொண்டு பச்சை காட்டிவிடும். ஆகவே கிழிந்த சவ்வுக்குள் மட்டும் நுழையும் புரோபிடியம் என்ற சிவப்புச் சாயத்தையும் கூட விடுகிறார்கள். இரண்டும் இல்லையேல் உயிர். பச்சை மட்டும் என்றால் சாகத் தொடங்கியது. இரண்டும் என்றால் முடிந்துவிட்டது. 1990களின் நடுவில் வழக்குக்கு வந்த இந்த முறைதான் இன்று புற்றுநோய் மருந்து ஆராயும் எந்தச் சாலையிலும் அன்றாடக் காரியம். மருந்து வேண்டாத அணுவைக் கொல்கிறதா, வேண்டிய அணுவையும் சேர்த்துக் கொல்கிறதா என்பதை வேறெப்படி அறிவது?

தொழுநோய்க்குத் திரும்புவோம். 1981-ல் உலக சுகாதார ஸ்தாபனம் பல மருந்துக் கூட்டுச் சிகிச்சையைச் சிபாரிசு செய்தது. அதிலுள்ள ரிஃபாம்பிஸின் சில வேளைகளிலேயே ஏறக்குறைய எல்லாக் கிருமிகளையும் கொன்றுவிடும். ஆகவே மருந்து தொடங்கிய சில நாளில் நோயாளி பிறருக்குத் தொற்றுத் தருபவனாக இருப்பதில்லை. ஆனால் செத்த கிருமிகளை உடல் அப்புறப்படுத்தும் வேகம் மிக மெதுவானது. தோலில் கிருமிகளின் பெருக்கத்தை 0 முதல் 6 வரை ஒரு அளவுகோலால் குறிக்கிறார்கள். அது வருஷத்துக்குச் சுமார் ஒரு படிதான் இறங்கும். ஐந்தில் தொடங்கியவனுக்குப் பூஜ்யம் வர ஐந்து வருஷம் போல் ஆகும். மருந்தோ ஒரு வருஷத்தில் முடிந்துவிட்டது. இடையிலுள்ள நான்கு வருஷமும் அவன் சீட்டில் “கிருமி உண்டு” என்றே வரும். நம் கட்சிக்காரியின் சீட்டிலும் அதுதான் வந்தது. அவள் உடலில் இருந்தது மயானம். அதைக் கோர்ட்டு படைமுகாமாகக் கொண்டது.

செத்த கிருமியால் தீங்கே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. கிருமியின் பிணங்களை எதிர்த்தும் உடல் சில வேளை சீறி எழும். நரம்பு வீங்கும், காய்ச்சல் வரும். அதைக் கவனியாவிட்டால் கை கால் விளங்காமல் போகும். அது நோயாளிக்குத் துன்பம். அடுத்த வீட்டுக்காரனுக்கு அதனால் ஒரு தூசும் இல்லை. மடங்கிய விரலைக் கண்டு ஒதுங்குகிறவன் பெரும்பாலும் என்றோ அணைந்த தீயின் சாம்பலைக் கண்டுதான் ஓடுகிறான்.

சாயமே சர்வரோக நிவாரணி என்றும் நாம் கூறவில்லை. சாயம் சொல்வதும் எலியின் பாதம் சொல்வதும் எப்போதும் ஒத்துப் போவதில்லை. நொதி சிறிது மிச்சமிருந்தால், இனிப் பெருக வலுவில்லாத கிருமியும் பச்சையாகத் தெரியலாம். ஒளி பட்டுக்கொண்டேயிருந்தால் சாயம் மங்கும். மரபிழை செத்த பின்னும் நெடுநாள் நிற்கும், ஆர்.என்.ஏ. விரைவில் சிதையும் என்பதைக் கொண்டு, ஆர்.என்.ஏ.வைத் தேடும் முறைகளையும் இப்போது கையாள்கிறார்கள். அன்றியும், ஒழுங்காக மருந்து முடித்த ஒவ்வொருவனுக்கும் இந்தச் சோதனை அவசியமென்று எந்த வைத்தியரும் சொல்லார். நோய் திரும்பிவிட்டதோ என்ற சந்தேகம் எழும்போதும், மருந்துக்கு அடங்காத கிருமியோ என்ற கேள்வி வரும்போதும்தான் அது இன்றியமையாதது. “மருந்து தானாகக் கொல்கிறது, சாயம் எதற்கு?” என்று கேட்கும் சிக்கனக்காரர்களுக்கு இதுவே பதில். நம் தேசத்தில் 2005-ம் வருஷக் கடைசியில் பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே இந்நோய் இறங்கியதென்று சர்க்கார் அறிவித்தனர். மெய்தான். ஆனால் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் பேர் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறார்கள்; உலகத்துப் புது நோயாளிகளில் பாதிக்கு மேல் நம்மவர்கள். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு சிக்கனம் பேசுவது நமக்கு உசிதமாகத் தோன்றவில்லை.

சட்டத்தின் கதை வேறு. 1898-ல் அந்நிய சர்க்கார் இயற்றிய தொழுநோயாளர் சட்டம் ஏழை நோயாளியைப் பிடித்து அடைத்து வைக்க அதிகாரம் கொடுத்தது. அந்நியர் போய் அறுபத்தொன்பது வருஷம் வரை அதை நாம் பத்திரமாக வைத்திருந்தோம், 2016-ல்தான் ரத்தானது. 2008-ல் ஒரிஸ்ஸாவைச் சேர்ந்த ஒரு நகரசபை அங்கத்தினர் தொழுநோய் காரணமாகப் பதவி இழந்ததைச் சுப்ரீம் கோர்ட்டே சரியென்றது. 2015-ல் சட்டக் கமிஷன் தன் 256-வது அறிக்கையில் இந்தப் பாரபட்சங்களை ஒழிக்கச் சிபாரிசு செய்தது. 2019-ல் பார்லிமெண்ட் ஹிந்து, முஸ்லிம், கிறிஸ்தவ விவாகச் சட்டங்களிலிருந்தும் பிறவற்றிலிருந்தும் தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டும் பிரிவுகளை நீக்கிற்று. நம் கட்சிக்காரிக்கு அது காலங்கடந்த நியாயம். 1981-க்கும் 2019-க்கும் இடையில் முப்பத்தெட்டு வருஷம். கிருமியைச் சில நாளில் கொல்லும் மருந்து கையிலிருக்க, “தீராத” என்ற சொல்லை ஏட்டிலிருந்து எடுக்க இவ்வளவு காலம் பிடித்தது. பெருகும் வேகத்தில் கிருமிதான் மந்தமென்று மேலே எழுதினோம். சட்டசபைகள் அதற்குச் சளைத்தவை அல்ல.

பயத்தை ஆராய்ச்சியால் வெல்லலாம் என்பதற்குச் சென்னையிலேயே நல்ல உதாரணம் உண்டு. க்ஷயரோகிகளை வீட்டைவிட்டு அகற்றி ஆரோக்கியசாலையில் வைத்தாலன்றிக் குடும்பமே நாசமாகும் என்று ஒரு காலத்தில் யாவரும் நம்பினர். 1956-ல் சென்னையில் க்ஷயரோக ரஸாயனச் சிகிச்சை நிலையம் தொடங்கிற்று. வீட்டிலேயே மருந்து உண்டவர்களையும் ஆரோக்கியசாலையில் உண்டவர்களையும் ஒப்பிட்டு, 1959-ல் முடிவை வெளியிட்டார்கள். குணமாவதில் பெரிய வித்தியாசமில்லை. வீட்டாருக்குத் தனியான அபாயமும் இல்லை. உலகமே அதைப் பின்பற்றியது. அந்தச் சென்னைக்கு முப்பத்தைந்து மைல் தெற்கே திருமணியில் இருக்கும் நிலையத்தின் வேலையை நம் ஜனங்கள் ஏன் அப்படி அறியவில்லை? அறிய வேண்டியதைத் தமிழில் எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்பதே காரணம். பத்திரிகைகளும் இதில் குற்றவாளிகளே. நம்முடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

நாம் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பரிசோதனைச் சீட்டில் “கிருமி உண்டு” என்று மட்டும் எழுதுவதை ஆஸ்பத்திரிகள் நிறுத்த வேண்டும். மருந்து முடித்தவராயின், “சிகிச்சை பூர்த்தி, இவரால் பிறருக்குத் தொற்று இல்லை, காணப்படும் கிருமிகள் செத்தவையாக இருக்கலாம்” என்று அதே சீட்டில், நல்ல தமிழில், வைத்தியர் கையொப்பத்துடன் எழுதட்டும். சந்தேகமுள்ள கேஸ்களில் உயிருண்டா இல்லையா என்று சோதிக்கும் வசதி ஜில்லாவுக்கு ஒரு வைத்தியக் கல்லூரியிலாவது இருக்கட்டும்; செங்கற்பட்டிலேயே சர்க்கார் வைத்தியக் கல்லூரி உண்டு, ஒளிரும் பூதக்கண்ணாடியும் இப்போது க்ஷயரோகச் சோதனைக்காகப் பல ஆஸ்பத்திரிகளுக்கு வந்துவிட்டது. சாயங்களை வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் கொள்ளை விலைக்கு வாங்காமல், நம் கல்லூரி ரஸாயனிகளே செய்து கொடுக்க ஏற்பாடு ஆகட்டும். பேயர் 1871-ல் செய்த சாயத்தை இன்று ஒரு தமிழ் வாலிபனால் செய்ய முடியாதென்றால் அந்தப் பட்டங்கள் எதற்கு?

பரனூர் இல்லத்தில் இருப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் சிகிச்சை முடிந்தவர்கள். அவர்களில் பலர் ஊருக்குப் போகாததற்கு மருந்து காரணமல்ல. அண்ணன் தம்பி, மகன் மருமகள் என்று சொந்தக்காரர்கள் இன்னும் உயிரோடு, அதே ஜில்லாவில், அதே ரயில் பாதையில் இருக்கிறார்கள். அடுத்த முறை சிங்கப்பெருமாள் கோயிலுக்கு வரும்போது, சேவை முடிந்தபின் இன்னும் ஒரு ஸ்டேஷன் தூரம் போய் வரலாம். பரனூரில் ரயில் நிற்கும்.